ரெண்டு ஃபிளாஷ், ரெண்டு சூப்பர்மேன்: டிசி காமிக்ஸோட பழைய எர்த்துகளும் அங்க வாழ்ந்த ஹீரோக்களும்

பிளாக் ஆடம் படம் வந்தப்ப (2022) நிறைய பேர் கேட்ட கேள்வி, அந்த தங்க ஹெல்மெட் போட்ட டாக்டர் ஃபேட் யாரு, ரெக்கை வெச்ச ஹாக்மேன் யாரு, ஜஸ்டிஸ் லீக் தெரியும், இது என்ன ஜஸ்டிஸ் சொசைட்டி, லீகோட சீப்பான காப்பியா? காப்பி எல்லாம் இல்லங்க, சொல்லப்போனா லீக் தான் பின்னாடி வந்தது. சொசைட்டி 1940 கடைசில வந்த டீம், லீக் 1960ல தான் வருது. அதைவிட சுவாரஸ்யம் என்னன்னா அந்தப் படத்துல அடிச்சுக்கிற ரெண்டு தரப்பும் ஒரு காலத்துல ஒரே உலகத்துலயே இல்ல. சொசைட்டி ஆளுங்க இருந்தது எர்த்-2, பிளாக் ஆடம் இருந்தது எர்த்-எஸ். இவங்க சந்திக்கணும்னா நடுவுல ஒரு பிரபஞ்சத்தயே தாண்டணும், நிஜத்துல அதுக்கு ஒரு கோர்ட்டு கேஸையும் தாண்ட வேண்டியிருந்துச்சு, அந்தக் கதை பின்னாடி வருது.

மல்டிவர்ஸ், அதாவது பக்கத்து பக்கத்துல பல உலகங்கள் இருக்குங்கிற ஐடியா, இப்ப எல்லாருக்கும் பழகிப்போச்சு, மூணு ஸ்பைடர்மேன் ஒரே படத்துல நின்னதுக்கு அப்புறம் யாருக்கும் தனியா விளக்க வேண்டியதில்ல. ஆனா காமிக்ஸ்ல இது எப்படி ஆரம்பிச்சதுன்னு கேட்டா பலரும் ஏதோ பெரிய சயின்ஸ் ஐடியான்னு நினைச்சுக்கறாங்க. டிசி காமிக்ஸ்ல இது பொறந்ததே பழைய கேரக்டர்கள என்ன பண்றதுங்கிற குழப்பத்துல தான். இன்னும் வெளிப்படையா சொன்னா, டிசியோட பழைய எர்த் லிஸ்ட்ட எடுத்துப் பாத்தீங்கன்னா ஏறக்குறைய அது கம்பெனிகளோட லிஸ்ட். எந்த கம்பெனி மூடுச்சு, யாரோட ஹீரோக்கள டிசி வாங்குச்சு, எந்தக் காலத்து கதைய பாதில நிறுத்துனாங்க, அது ஒவ்வொண்ணுக்கும் ஒரு உலகம். இத மட்டும் பிடிச்சுக்கிட்டீங்கன்னா எந்த ஹீரோ எந்த எர்த்னு குழப்பமே வராது.

முதல்ல பழைய கதை. 1938ல சூப்பர்மேன் வந்து பிச்சுக்கிட்டு ஓடுனதும் அமெரிக்கால இருந்த சின்ன பெரிய கம்பெனி எல்லாம் ஆளுக்கொரு முகமூடிய மாட்டிவிட்டு ஹீரோ இறக்க ஆரம்பிச்சாங்க, இந்தக் காலத்த தான் கோல்டன் ஏஜ்னு சொல்றாங்க. 1940 ஜனவரி தேதி போட்ட ஃபிளாஷ் காமிக்ஸ் முதல் இதழ்ல ஜே கேரிக்னு ஒரு காலேஜ் பையன் வர்றான். லேப்ல ராத்திரி வேலை பாத்துட்டு இருக்கும்போது சிகரெட் பிடிக்கலாம்னு ஒதுங்குறான், அங்க ஒரு கெமிக்கல் கொட்டி அந்தப் புகைய சுவாசிச்சு வேகம் வந்துடுது. தலைல ரெக்கை வெச்ச இரும்பு தொப்பி, முகமூடி கிடையாது, முழு முகமும் தெரியும், ஆனாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, அந்தக் காலத்துல அப்படித்தான். இவர் தான் முதல் ஃபிளாஷ். நமக்கு சீரியல்லயும் சினிமாலயும் தெரிஞ்ச பேரி ஆலன் இவருக்கு 16 வருஷம் ஜூனியர்.

அதே 1940ல ஆலன் ஸ்காட்னு ஒரு கிரீன் லான்டர்ன் வந்தாரு. பின்னாடி வந்த கிரீன் லான்டர்ன் கதைகள்ல வர்ற ஸ்பேஸ் போலீஸ், கார்டியன்ஸ், அதெல்லாம் இவருக்கு ஒண்ணும் தெரியாது, இவரோடது சுத்தமான மந்திர விளக்கு கதை. ரயில்வே இன்ஜினியர், பாலத்துல சதி பண்ணி ரயில கவுத்துடறாங்க, எல்லாரும் செத்துடறாங்க, இவர் மட்டும் கைல ஒரு பச்சை லான்டர்ன பிடிச்சிருந்ததால பொழைக்கறாரு. அந்த விளக்குல இருந்து மோதிரம் செஞ்சுக்கறாரு, ஒரு நாளைக்கு ஒரு தடவ சார்ஜ் பண்ணணும், துப்பாக்கி குண்டு எல்லாம் இவர ஒண்ணும் பண்ணாது ஆனா மரக்கட்டைய எடுத்து மண்டைல போட்டா ஆள் அவுட். ஆமா, மரம் தான் இவரோட வீக்னெஸ். இதை உருவாக்குன மார்ட்டின் நோடெல் நியூயார்க் சப்வேல ஒரு ரயில்வே ஆள் விளக்க ஆட்டுறத பாத்து ஐடியா பிடிச்சாரு, பேட்மேன் கதைகள எழுதுன பில் ஃபிங்கர் தான் கதைய எழுதுனாரு. டிரெஸ் சிவப்பு சட்டை, பச்சை பேன்ட், ஊதா கேப்பு. அந்த காம்பினேஷன யார் ஓகே பண்ணாங்களோ.

1940-41 குளிர்கால இதழா ஆல் ஸ்டார் காமிக்ஸ் 3 வருது, அதுல தான் இந்த மாதிரி எட்டு பேர ஒரே மேஜைல உக்கார வெச்சாங்க. அது தான் ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா, சுருக்கமா ஜேஎஸ்ஏ, சூப்பர்ஹீரோ டீம்ங்கிற விஷயமே இங்கதான் தொடங்குது. முதல் இதழ்ல ஒண்ணா சண்டை எல்லாம் போடல, சாப்பிட்டுக்கிட்டே ஆளுக்கொரு கதை சொல்றாங்க, அவ்ளோதான். ஏன்னா உள்ளுக்குள்ள இது விளம்பரம். ஃபிளாஷ், கிரீன் லான்டர்ன், ஹாக்மேன், ஆட்டம் இவங்க ஆல்-அமெரிக்கன்ங்கிற கம்பெனி ஆளுங்க, டாக்டர் ஃபேட், ஸ்பெக்டர், சாண்ட்மேன், ஹவர்மேன் இவங்க நேஷனல் கம்பெனி ஆளுங்க, ரெண்டும் சொந்தக்கார கம்பெனி, பின்னாடி ஒண்ணா சேந்து தான் இன்னிக்கு டிசி ஆச்சு. இதுல ஒரு ரூல் வேற, சொந்தமா தனி புக்கு கிடைச்ச ஹீரோ டீம விட்டு விலகி கௌரவ மெம்பர் ஆயிடணும், அதனால தான் சூப்பர்மேனும் பேட்மேனும் பேருக்கு மெம்பர். புகழ் இல்லாதவங்களுக்காகவே கட்டுன டீம்னே சொல்லலாம், எனக்கு இது பிடிச்சதுக்கு முதல் காரணமே அதுதான்.

இதுல சிலர பத்தி கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா எங்க தேடுனாலும் ஜே கேரிக்கோட நிறுத்திடறாங்க.

டாக்டர் மிட்-நைட்னு ஒருத்தர், 1941. நிஜப்பேரு சார்லஸ் மெக்நைடர், சர்ஜன். ஒரு கேங்ஸ்டருக்கு எதிரா சாட்சி சொல்ல வேண்டிய ஆளுக்கு வைத்தியம் பாக்கப் போறாரு, ரூம்ல குண்டு வீசிடறாங்க, சாட்சி செத்துடறான், இவருக்கு கண்ணு போயிடுது. அப்புறம் ஒரு ராத்திரி ஆந்தை ஒண்ணு ஜன்னல உடைச்சுட்டு உள்ள வந்து விழுது, இவர் கட்ட அவுத்துப் பாத்தா இருட்டுல எல்லாம் தெளிவா தெரியுது. வெளிச்சத்துல தான் குருடு. சும்மா விடுவாரா, எதிரிங்க மேல வீசுனா சுத்தி முழுக்க இருட்டாயிடற குண்டு ஒண்ண செஞ்சுக்கிட்டு, அந்த ஆந்தைக்கு ஹூட்டின்னு பேர் வெச்சு கூட்டிக்கிட்டு கிளம்பிடறாரு. மார்வெலோட டேர்டெவில் 1964ல வந்தவரு, கண்ணு தெரியாத ஹீரோன்னா உடனே அவர் பேரு தான் வரும், இவரு அதுக்கு 23 வருஷம் முன்னாடி.

ஸ்பெக்டர் கொஞ்சம் பயங்கரம். ஜிம் காரிகன்னு ஒரு போலீஸ்காரன், கல்யாணத்துக்கு முன்னாடி ரவுடிங்க பிடிச்சு சிமென்ட் பீப்பாய்ல போட்டு தண்ணில தள்ளி கொன்னுடறாங்க. ஆவி மேல போனா உள்ள விட மாட்டேங்குறாங்க, பூமில குற்றம் எல்லாம் ஒழிஞ்ச பிறகு வா, அதுவரைக்கும் உனக்கு ஓய்வு இல்லன்னு திருப்பி அனுப்பிடறாங்க. எழுதுனது யாருன்னு பாத்தா ஜெர்ரி சீகல், சூப்பர்மேன உருவாக்குன ரெண்டு பேர்ல ஒருத்தர். சூப்பர்மேனுக்காவது அவர சாய்க்க கிரிப்டோனைட்னு ஒரு கல்லு இருக்கு, இவருக்கு எதுவுமே இல்ல, செத்தவன எப்படி கொல்றது, அதனால எழுதறவங்களுக்கு தான் எப்பவும் திண்டாட்டம்.

ஹவர்மேன் அதுக்கு நேர் எதிர். ரெக்ஸ் டைலர்ங்கிற கெமிஸ்ட், மிராக்ளோன்னு ஒரு மாத்திரைய போட்டா சரியா ஒரு மணி நேரம் பலம், அப்புறம் சாதாரண மனுஷன். 1940ல இது ஜாலியான ஐடியா, மாத்திரைய முழுங்கிட்டு பலசாலி ஆகறத யாரும் தப்பா பாக்கல. பின்னாடி வந்த ரைட்டர்ஸ் இதையே போதைக்கு அடிமை ஆகறவனோட கதையா மாத்தி எழுதுனாங்க, அது தான் அந்தக் கேரக்டருக்கு உயிர் கொடுத்துச்சு.

அப்புறம் நம்ம ஆளு, மா ஹங்கெல். மளிகைக்கடை வெச்சிருக்கிற ஆஜானுபாகுவான அம்மா, ஏரியா பசங்கள ரவுடி கடத்திட்டான்னு தெரிஞ்சதும் சிவப்பு லாங் உள்ளாடைய மாட்டிக்கிட்டு, தலைல சமையல் பாத்திரத்த கவுத்து கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்டுக்கிட்டு போய் பின்னி எடுத்துடறாங்க. ரெட் டொர்னாடோன்னு பேரு. 1940 நவம்பர் இதழ்ல இந்த வேஷம் வருது, வொண்டர் வுமன் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. காமெடி கேரக்டர் தான், ஆனா ஜேஎஸ்ஏ முதல் மீட்டிங்குக்கு இவங்களும் வந்தாங்க, வந்து கால்சட்டை கிழிஞ்சுபோனதால உடனே திரும்பிப் போயிட்டாங்க! பிளாக் ஆடம் படத்துல காத்த சுழட்டுற சைக்ளோன்னு ஒரு பொண்ணு வருதுல்ல, காமிக்ஸ்ல அது இவங்களோட பேத்தி. வொண்டர் வுமன் ஜேஎஸ்ஏல சேந்தப்ப அவங்களுக்கு குடுத்த பதவி செக்ரட்டரி, ஆம்பளைங்க சண்டைக்கு போவாங்க அவங்க மினிட்ஸ் எழுதணும், இந்த விஷயத்துல அந்தக் காலத்து ஆளுங்கள என்னால மன்னிக்க முடியல.

யுத்தம் முடிஞ்சதும் இந்த முகமூடி மோகம் அடங்கிடுச்சு. க்ரைம், ஹாரர், காதல், கவ்பாய் கதை இதெல்லாம் வித்துச்சு, ஹீரோ புக்கு ஒவ்வொண்ணா நின்னுச்சு. ஃபிளாஷ் காமிக்ஸ் 1949ல 104வது இதழோட முடிஞ்சது. ஆல் ஸ்டார் காமிக்ஸ் 1951ல 57வது இதழோட பேர மாத்திக்கிட்டு கவ்பாய் பத்திரிகை ஆயிடுச்சு, ஜேஎஸ்ஏக்கு ஒரு வழியனுப்பு கதை கூட இல்ல, அடுத்த இதழ்ல குதிரைங்க தான். ஆனா சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் மூணு பேரும் நிக்காம ஓடிக்கிட்டே இருந்தாங்க, இந்த மூணு பேரால தான் பின்னாடி ஒரு பெரிய சிக்கல் வரப்போகுது, ஞாபகம் வெச்சுக்குங்க.

1956ல எடிட்டர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் கைக்கு ஃபிளாஷ்ங்கிற பேர திரும்ப உபயோகிக்கிற வேலை வந்துச்சு. பழைய ஜேய எடுக்காம புதுசா ஒரு ஆள போட்டாங்க, பேரி ஆலன், போலீஸ் லேப்ல வேலை, மின்னல் அடிச்சு வேகம் வருது, சிவப்பு டிரெஸ். ஷோகேஸ் 4வது இதழ், ஹீரோக்கள் மறுபடி எழுந்த சில்வர் ஏஜ்ங்கிற காலம் இங்க தொடங்குதுன்னு சொல்லுவாங்க. அந்த முதல் கதையிலயே பேரி உக்காந்து பழைய ஃபிளாஷ் காமிக்ஸ் படிச்சுக்கிட்டு இருக்கான், அதோட அட்டைல ஜே கேரிக். அதாவது பேரியோட உலகத்துல ஜே ஒரு கற்பனை கேரக்டர், அவ்ளோதான். தமாஷுக்கு வெச்சாங்களோ என்னவோ, ஆனா மொத்த மல்டிவர்ஸும் இந்த ஒரு சீன்ல இருந்து தான் முளைச்சுது. 1959ல பேரிக்கு தனி புக்கு வந்தப்ப 1ல இருந்து ஆரம்பிக்காம ஜேயோட 104க்கு அடுத்து 105ன்னு நம்பர் போட்டாங்க, அதனால பேரியோட பத்தொன்பதாவது இதழ் தான் புகழ்பெற்ற ஃபிளாஷ் 123.

1961 செப்டம்பர், ஃபிளாஷ் 123. எழுதுனது கார்ட்னர் ஃபாக்ஸ், ஜே கேரிக்க 1940ல எழுதுன அதே ஆள். வரைஞ்சது கார்மைன் இன்ஃபான்டினோ. குழந்தைகளுக்காக ஒரு நிகழ்ச்சி, மேஜிக் பண்றவர் வரல, பேரி ஃபிளாஷ் டிரெஸ்ல வந்து கயிறு வித்தை காட்டறான், கயித்து மேல ஏறி உடம்ப பயங்கர வேகத்துல அதிர வெக்கிறான், மறைஞ்சுடறான், கண்ணத் தொறந்தா வேற ஊரு. கீஸ்டோன் சிட்டி. அட இது நான் சின்ன வயசுல படிச்ச காமிக்ஸ்ல வர்ற ஊராச்சேன்னு டெலிபோன் டைரக்டரிய எடுத்துப் பாக்குறான், ஜே கேரிக் பேரும் அட்ரஸும் இருக்கு! போய் கதவ தட்டுறான். நரை விழுந்த ஜே, கல்யாணம் ஆகி ரிட்டையர் ஆகி வீட்ல இருக்காரு.

அங்க பேரி சொல்ற விளக்கம் தான் எல்லாத்துக்கும் அஸ்திவாரம். ரெண்டு பூமியும் ஒரே இடத்துல தான் இருக்கு, ஆனா வேற வேற வேகத்துல அதிருது, அதனால ஒண்ணுக்கு ஒண்ணு தெரியாது, இடிச்சுக்காது. ஒரே காத்துல நூறு ரேடியோ ஸ்டேஷன் போகுது, நீங்க எந்த நம்பருக்கு திருப்புறீங்களோ அது மட்டும் தானே கேக்குது, அப்படி வெச்சுக்குங்க. ஃபிளாஷ் தன் உடம்போட அதிர்வ மாத்த முடிஞ்சவன், அதனால அவனால தாண்ட முடியுது. சரி, அப்ப ஜேயோட கதை எப்படி பேரியோட உலகத்துல காமிக்ஸா வந்துச்சு? அதுக்கும் பதில் இருக்கு: கார்ட்னர் ஃபாக்ஸ்னு ஒரு ரைட்டர் தூங்கும்போது அவர் மூளை அந்த உலகத்தோட டியூன் ஆயிடுச்சு, கனவுல கண்டத எழுதுனாரு. தன் கதையில தன் பேரயே போட்டு தன் பழைய வேலைக்கு சாக்கு சொல்லிக்கிட்ட மனுஷன், எனக்கு இவர் மேல தனி மரியாதை.

வாசகர்களுக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு. 1963ல ஜஸ்டிஸ் லீக் 21, 22 இதழ்கள்ல ரெண்டு டீமும் சந்திச்சுக்கிட்டாங்க, அப்புறம் அது வருஷா வருஷம் நடக்குற வழக்கமாவே ஆயிடுச்சு. அப்ப தான் நம்பரும் வெச்சாங்க: புது ஹீரோக்கள் இருக்கறது எர்த்-1, பழைய ஹீரோக்கள் இருக்கறது எர்த்-2. இருபது வருஷம் சீனியர்களுக்கு ரெண்டாம் நம்பர், பேனா எவன் கைல இருக்கோ அவன் உலகம் தான் ஒண்ணுன்னு ஆயிப்போச்சு.

இப்ப அந்த மூணு பேர் சிக்கல். சூப்பர்மேன் 1938ல இருந்து இடைவெளி இல்லாம வந்துக்கிட்டே இருக்காரு, 1940கள்ல ஜேஎஸ்ஏ மெம்பர், 1960கள்ல லீக் மெம்பர், அப்ப இவர் எந்த எர்த்? ஒரே வழி, ரெண்டு சூப்பர்மேன். பழைய கதைல வந்தவர் எர்த்-2ல வயசாகி இருக்காரு, இப்ப வர்றவர் எர்த்-1. பேட்மேனும் அப்படியே, வொண்டர் வுமனும் அப்படியே. கேக்க ஒரு சமாளிப்பு மாதிரி இருக்கும், சமாளிப்பு தான், ஆனா இதுல இருந்து தான் டிசியோட மிக நல்ல கதைகள் சில வந்துச்சு. ஏன்னா எர்த்-1 பேட்மேன ஒண்ணும் பண்ண முடியாது, அவர் அடுத்த மாசமும் அதே வயசுல புக்குல வந்து நிக்கணும், கல்யாணம் கூடாது, சாவும் கூடாது. எர்த்-2 பேட்மேனுக்கு அந்தக் கட்டாயம் ஒண்ணும் கிடையாது.

அதனால என்ன நடந்துச்சு பாருங்க. எர்த்-2 சூப்பர்மேன் காதலி லாயிஸ கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, டெய்லி ஸ்டார்ங்கிற பத்திரிகைல எடிட்டர் ஆனாரு (டெய்லி பிளானட் இல்ல, 1938 கதைகள்ல பத்திரிகையோட பேரு அதுதான், அத மாத்தாம வெச்சுக்கிட்டாங்க). ராபின் வளந்து பெரிய ஆளாகி வக்கீலாகி தூதராகவும் போனாரு, 1967ல அவரே ஜேஎஸ்ஏ மெம்பர். பேட்மேன் ஒரு காலத்துல திருடியா இருந்த கேட்வுமன கட்டிக்கிட்டு, முகமூடிய கழட்டி வெச்சுட்டு, கோதம் போலீஸ் கமிஷனர் ஆனாரு. அவங்களுக்கு ஒரு பொண்ணு, ஹெலினா வெய்ன். அம்மாவோட பழைய வாழ்க்கைய வெச்சு ஒருத்தன் மிரட்டி, அதுல அம்மா செத்துப்போக, அந்தப் பொண்ணு ஹன்ட்ரஸ்ங்கிற பேர்ல முகமூடி போட்டுக்கிட்டு கிளம்புது. இது 1977. ரெண்டு வருஷத்துல, 1979ல, அட்வென்ச்சர் காமிக்ஸ் 462ல அந்த பேட்மேன் நிஜமாவே செத்துடறாரு. திரும்பி வரல. பேட்மேன் சாகறதும் அடுத்த வருஷம் எழுந்து வர்றதும் பாத்துப் பழகின நமக்கு அந்த இதழ படிச்சா ஒரு மாதிரி ஆயிடும், ஏன்னா கடைசி வரைக்கும் யாரும் மேஜிக் பண்ணி எழுப்பவே மாட்டாங்க.

அதே 1979ல இன்னொரு கதை, அட்வென்ச்சர் 466, இதுவும் பால் லெவிட்ஸ் எழுதுனது. 1951ல ஜேஎஸ்ஏ புக்கு சத்தமில்லாம நின்னுபோச்சுன்னு சொன்னேன்ல, அதுக்கு 28 வருஷம் கழிச்சு காரணம் எழுதுனாங்க. கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம், அமெரிக்க பார்லிமென்ட்டான காங்கிரஸோட கமிட்டி ஒண்ணு ஜேஎஸ்ஏவ கூப்பிட்டு உங்க விசுவாசத்த நிரூபிக்க முகமூடிய கழட்டுங்கன்னு கேக்குது. யுத்தத்துல நாட்டுக்காக சண்டை போட்டவங்கள பாத்து கேக்குற கேள்வியா இது. மாட்டோம்னு சொல்லிட்டு மறைஞ்சுடறாங்க, அத்தோட ரிட்டையர். விற்பனை குறைஞ்சதால நின்ன ஒரு புக்குக்கு இவ்வளவு பொருத்தமான காரணத்த பின்னாடி இருந்து பொருத்துனது இருக்கே, எர்த்-2ல நான் யாருக்காவது ஒரே ஒரு கதை காட்டணும்னா இதைத்தான் காட்டுவேன்.

எர்த்-3 சீக்கிரம் சொல்லிடலாம். 1964ல வந்தது, இது மட்டும் எந்தக் கம்பெனியோட மிச்சமும் இல்ல, சுத்தமான ஐடியா: எல்லாமே தலைகீழ் உலகம். அமெரிக்கால இருந்து போன கொலம்பஸ் ஐரோப்பாவ கண்டுபிடிக்கறாரு, லிங்கன் ஆக்டரு, அவர் பிரசிடென்ட் பூத்த (நிஜத்துல லிங்கன சுட்ட ஆளு) சுட்டுக் கொல்றாரு. ஹீரோவே கிடையாது, இருக்கறது அல்ட்ராமேன், ஓல்மேன், சூப்பர்வுமன், ஜானி க்விக், பவர் ரிங்னு அஞ்சு வில்லன்கள், கிரைம் சிண்டிகேட். சூப்பர்மேன கிரிப்டோனைட் கொல்லும், அல்ட்ராமேனுக்கு ஒவ்வொரு தடவ கிரிப்டோனைட் படும்போதும் புதுசா ஒரு பவர் கூடும். நல்ல விளையாட்டு.

எர்த்-எஸ் தான் கோர்ட்டு கேஸ் கதை. ஃபாசெட்னு ஒரு கம்பெனி 1940ல கேப்டன் மார்வெல்னு ஒரு ஹீரோவ இறக்குனாங்க, சி.சி.பெக் வரைஞ்சது. பில்லி பாட்சன்ங்கிற அனாதைப் பையன் ஷஸாம்னு கத்துனா மின்னல் அடிச்சு பெரிய ஆளா மாறிடுவான், சாலமனோட அறிவு, ஹெர்குலிஸோட பலம், இப்படி ஆறு பேரோட சக்தி. குழந்தைகளுக்கு இது எப்படி இருந்திருக்கும் யோசிங்க, வேற கிரகத்துல பொறக்க வேண்டாம், கோடீஸ்வரனா இருக்க வேண்டாம், ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும். 1940கள் நடுவுல சூப்பர்மேனையே விற்பனைல தாண்டிடுச்சு. இங்க வில்லன் யாருன்னு பாத்தா மிஸ்டர் மைண்ட், கண்ணாடி போட்ட ஒரு புழு! ஒரு பெரிய சதிக்கும்பலோட தலைவன் யாரு யாருன்னு தேடிக்கிட்டே வந்தா கடைசில புழு. கோட்டு சூட்டு போட்டு பேசற புலி கூட உண்டு, டாக்கி டானி. சூப்பர்மேன் கதைகள்ல அப்ப இவ்ளோ குறும்பு கிடையாது.

இது சூப்பர்மேனோட காப்பின்னு நேஷனல் கம்பெனி கேஸ் போட்டுச்சு, வருஷக்கணக்கா இழுத்துச்சு, கடைசில 1953ல ஃபாசெட் 4 லட்சம் டாலர் குடுத்து சமாதானம் ஆகி ஹீரோ புக்குங்கள மூடிட்டாங்க. கேப்டன் மார்வெல் கதைகள அதிகமா எழுதுன ஆட்டோ பைண்டர் அப்புறம் வேலைக்கு வந்தது அதே நேஷனலுக்கு, அங்க சூப்பர்மேன் கதை எழுதி, 1959ல சூப்பர்கேர்ல் அறிமுகமான கதையையும் எழுதுனாரு. கேஸ் போட்டு மூட வெச்ச ஹீரோவ 1972ல டிசியே லைசென்ஸ் வாங்கிக்கிட்டு வந்துச்சு, அதுக்குள்ள மார்வெல் கம்பெனி அந்தப் பேர எடுத்துக்கிட்டதால அட்டைல கேப்டன் மார்வெல்னு போட முடியல, ஷஸாம்னு போட்டாங்க. ஷஸாமோட எஸ் தான் எர்த்-எஸ். பிளாக் ஆடம் 1945ல ஃபாசெட்ல வந்த வில்லன், வந்தது ஒரே ஒரு கதைல, அதுலயே செத்தும் போனான், அவன வெச்சு, ராக்னு கூப்பிடற டுவைன் ஜான்சன போட்டு தனிப்படம் எடுப்பாங்கன்னு அன்னிக்கு யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. புல்லட்மேன், புல்லட்கேர்ல், ஸ்பை ஸ்மாஷர், ஐபிஸ் இவங்க எல்லாம் அதே ஃபாசெட் ஆளுங்க, 1976ல ஜேஎஸ்ஏயும் லீகும் எர்த்-எஸ்ஸுக்கு போனப்ப வரிசையா வந்து தலைகாட்டிட்டு போனாங்க.

எர்த்-எக்ஸ் இருட்டான உலகம். ரெண்டாம் உலகப் போர்ல நாஜிங்க ஜெயிச்சுட்ட பூமி. 1973ல ஜஸ்டிஸ் லீக் 107, 108ல லென் வெய்ன் இத எழுதுனப்ப அங்க எதிர்த்து நிக்கிற கூட்டமா யார போட்டாருன்னா, 1956ல டிசி கைக்கு வந்து அலமாரில தூங்கிக்கிட்டு இருந்த குவாலிட்டி காமிக்ஸ் ஹீரோக்கள: அங்கிள் சாம், பிளாக் கான்டர், ரே, டால் மேன், ஃபேன்டம் லேடி, ஹியூமன் பாம். ஃப்ரீடம் ஃபைட்டர்ஸ். இதுல ஹியூமன் பாம் கதை பாவம், புதுசா கண்டுபிடிச்ச வெடிமருந்து நாஜிங்க கைக்கு போகக்கூடாதுன்னு தானே முழுங்கிடறான், அதுக்கப்புறம் அவன் தொட்டது எல்லாம் வெடிக்கும், அதனால உடம்பு முழுக்க கவசம், யாரையும் வெறுங்கையால தொட முடியாது. டால் மேன் 1939ல வந்த ஆறு இன்ச் ஹீரோ, சுருங்குற ஹீரோன்னா ஆன்ட்-மேன் தான்னு நினைக்கறவங்களுக்கு சொல்லி வெக்கிறேன். ஒரு தோத்துப்போன கம்பெனியோட ஆளுங்கள தோத்துப்போன உலகத்துல கொண்டுபோய் போராட விட்டது ரொம்ப பொருத்தம்.

எர்த்-4 சார்ல்டன் கம்பெனி ஹீரோக்களுக்கு: டெட் கார்ட்ங்கிற ப்ளூ பீட்டில், கேப்டன் ஆட்டம், க்வெஸ்ச்சன், பீஸ்மேக்கர். 1983ல டிசி வாங்குச்சு, அலன் மூர் இவங்கள வெச்சு ஒரு கதை எழுதறேன்னு கேட்டாரு, அவர் சொன்ன கதைல இவங்க எல்லாம் உருப்படியா மிஞ்ச மாட்டாங்கன்னு தெரிஞ்சதும் புதுசா ஆள் உருவாக்கிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க, அப்படி வந்தது தான் வாட்ச்மென். எர்த்-ப்ரைம்னும் ஒண்ணு இருக்கு, அது நாம இருக்கற உலகம், 1968ல ஒரு கதைல பேரி வழிதவறி இங்க வந்து மாட்டிக்கிட்டு டிசியோட நியூயார்க் ஆபீஸ்ல எடிட்டர் ஷ்வார்ட்ஸையே போய் உதவி கேப்பான்.

இவ்ளோ நல்லா போனத ஏன் நிறுத்துனாங்க? எண்பதுகள்ல டிசிக்கு ஒரு பயம், புதுசா படிக்க வர்றவன் எர்த்-1 எது எர்த்-2 எதுன்னு குழம்பி ஓடிடுவான்னு. 1985-86ல மார்வ் வுல்ஃப்மேன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைஞ்ச க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ், 12 இதழ், அதுல ஆன்ட்டி-மானிட்டர்ங்கிற வில்லன் உலகங்கள ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டே வர்றான், மிஞ்சுனது 1, 2, 4, எஸ், எக்ஸ்னு அஞ்சு, கடைசில அந்த அஞ்சும் ஒண்ணா கலந்து ஒரே பூமி. அதாவது கதைக்குள்ள பிரபஞ்சம் அழியுது, கதைக்கு வெளிய அஞ்சு பழைய கணக்குப் புத்தகத்த ஒண்ணா சேத்துட்டாங்க. ஏழாவது இதழ்ல சூப்பர்கேர்ல், எட்டாவதுல பேரி ஆலன், இந்த ரெண்டு சாவு பத்தி எல்லாரும் பேசுவாங்க. பன்னெண்டாவதுல எர்த்-2 ராபினும் ஹன்ட்ரஸும் சாகறாங்க, அத பத்தி அவ்வளவா யாரும் பேசறதில்ல. ஒரே பூமின்னு ஆனதும் பேட்மேனுக்கு வளந்த பொண்ணு இருக்க முடியாது, ரெண்டு ராபின் இருக்க முடியாது, அதனால கதைப்படி அவங்க பொறக்கவே இல்லன்னு ஆயிடுச்சு. எனக்கு அந்த பக்கம் இன்னும் ஆறல.

குழப்பம் தீர்ந்துச்சான்னா அதுவும் இல்ல. பவர் கேர்ல்னு ஒரு ஹீரோயின், எர்த்-2 சூப்பர்மேனோட சித்தப்பா பொண்ணு, அந்த சூப்பர்மேனே இல்லன்னு ஆனதும் இவ யாருன்னு தெரியாம அட்லான்டிஸ்காரின்னு ஒரு கதை கட்டுனாங்க, யாருமே நம்பல. 2005-06ல இன்ஃபினிட் க்ரைசிஸ்ல மறுபடி பழைய சூப்பர்மேன கூட்டிக்கிட்டு வந்தாங்க, அப்புறம் 52 உலகம்னாங்க, 2011ல திரும்பவும் கலைச்சு அடுக்குனாங்க. இந்தக் கணக்க எல்லாம் மனப்பாடம் பண்ணாதீங்க, அவங்களே பண்றதில்ல.

படிக்கணும்னு ஆசை வந்தா முதல்ல ஃபிளாஷ் 123 மட்டும் தனியா படிங்க, முன்கதை எதுவும் தேவையில்ல. பிடிச்சிருந்தா ஜஸ்டிஸ் லீக் 21, 22. அப்புறம் நேரா 1976க்கு தாவி ஆல் ஸ்டார் காமிக்ஸ் 58ல இருந்து (ஆமா, 57ல நின்னதுக்கு அடுத்த நம்பர், இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு), பவர் கேர்ல் அறிமுகம் அதுல தான், அப்படியே ஹன்ட்ரஸ், அட்வென்ச்சர் 462, 466 வரைக்கும் ஒரே மூச்சுல போயிடும். 1940கள் ஒரிஜினல் கதைகள மொத்தமா எடுத்து உக்காராதீங்க, எட்டு எட்டு பக்கத்துல ஒரே மாதிரி ரவுடி ஒரே மாதிரி குத்து, சீக்கிரம் சலிச்சுடும், ஸ்பெக்டரும் மா ஹங்கெலும் கேப்டன் மார்வெலும் மட்டும் பொறுக்கி எடுத்துக்குங்க. 1994ல ஜேம்ஸ் ராபின்சன் எழுத ஆரம்பிச்ச ஸ்டார்மேன், ஒரு பழைய ஜேஎஸ்ஏ ஹீரோவோட மகன் பழைய சாமான் கடை வெச்சுக்கிட்டு அப்பா வேலைய வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே செய்ற கதை, அத எப்ப வேணா படிக்கலாம். எல்லாரும் முதல்ல க்ரைசிஸ தான் வாங்கச் சொல்லுவாங்க, அத கடைசிக்கு தள்ளுங்க, அதுல சாகறவங்கள முன்னாடியே தெரிஞ்சிருந்தா தான் அந்த பன்னெண்டு இதழுக்கும் அர்த்தம்.